மறதிக்கு ஒரு முட்டுக்கட்டை

வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவதில் சமவெளி மக்களுக்கும் மலைநாட்டு மக்களுக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. சமவெளியில் வண்டியை விட்டு இறங்கியவர் அதனை மறந்துவிடலாம். அது விட்ட இடத்திலேயே நிற்கும். மலைநாட்டில் அவ்வாறன்று. கேகாலையிலிருந்து புளத்கொகுபிட்டிய வழியாகக் கரவனெல்லைக்குச் செல்லும் பெருந்தெருவை விட்டு எந்தத் தோட்டப் பாதையிற் பிரிந்து சென்றாலும், சிறிது தூரத்துள் ஏற்றமொன்று எதிர்ப்படும். இறப்பர் மரங்களுக்கும் தேயிலைச் செடிகளுக்கும் இடையே வளைந்து ஏறும் அப்பாதைகளில் நிறுத்தப்பட்ட ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு கணமும் கீழே இறங்கவே முயன்றுகொண்டிருக்கிறது. நாம் அதனைக் காண்பதில்லை, அவ்வளவே.

தோட்டத்து லொறிச் சாரதிகள் இதனை நன்கறிவர். ஏற்றத்தில் லொறியை நிறுத்தும்பொழுது அவர்கள் செய்யும் காரியங்கள் மூன்று. கைத்தடையை இழுப்பர், எஞ்சினை நிறுத்திக் கியரில் விடுவர், உதவியாள் இறங்கிச் சில்லின் கீழ்க் கட்டையோ கல்லோ வைப்பான். ஒன்று தவறினும் மற்றிரண்டும் காக்கும் என்பது அவர்தம் கணக்கு. இக்கணக்கினை அவர்கள் நூலிற் கற்றவரல்லர். மலையே அவர்களுக்கு ஆசிரியன்.

இன்று நம் பழைய மாணவருட் பலர் சொந்த மோட்டார் வண்டி உடையர். அவ்வண்டிகளுட் பல தாமே கியர் மாற்றும் வகையின. அவற்றுள்ளும் அண்மைக் காலத்தன பல, மின்னணுவால் இயங்கும் கியர்க் கோலை உடையன. சாரதி மறந்து இறங்கிச் செல்லினும் வண்டி தானே தன்னைப் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடொன்று இத்தகைய வண்டிகளில் இப்பொழுது பரவி வருகின்றது. அவ்வேற்பாடு யாது, அஃது ஏன் வேண்டியதாயிற்று, நம்முடைய மலைப்பாதைகளில் அதனை எவ்வளவுக்கு நம்பலாம் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூட்டும் இரும்பு நா

தானியங்கி வண்டியின் கியர்க் கோலருகே பி, ஆர், என், டி என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களைக் காண்கிறோம். டி முன்செல்லற்கும், ஆர் பின்செல்லற்கும் உரியன. என் என்பது எஞ்சினுக்கும் சில்லுகளுக்கும் தொடர்பற்ற நடுநிலை. பி என்பது வண்டியை நிறுத்தி வைத்தற்குரிய நிலை. அதனை இங்கே தரிப்பு நிலை என வழங்குவோம்.

தரிப்பு நிலையில் இட்டால் தடை விழுந்துவிட்டது என்று எண்ணுவோர் பலர். அஃது உண்மையன்று. தடை என்பது சில்லினைப் பற்றி நிறுத்துவது. தரிப்பு நிலையோ கியர்ப் பெட்டியினுள் நிகழும் வேறொரு செயல். சில்லுகளை நோக்கிச் செல்லும் தண்டில் ஒரு பற்சில்லு பொருத்தப்பட்டிருக்கும். அதன் அருகே இரும்பாலான நா ஒன்று உண்டு. கோலைத் தரிப்பு நிலைக்குக் கொணர்ந்தால், அந்நா இறங்கிப் பற்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் விழும். தண்டு பூட்டப்படும், அதனோடு இணைந்த சில்லுகளும் திரும்பமாட்டா. கிணற்றுக் கப்பியில் ஏறிய கயிறு பின்வாங்காதபடி கொண்டியொன்றை மாட்டுவது போன்றது இது.

இந்நா உள்ளங்கையுள் அடங்கத்தக்க சிறு பொருள். இதன்மேல் விழும் பாரத்தைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். எட்டடி செல்ல ஓரடி உயரும் ஏற்றத்தில் 1,400 கிலோகிராம் நிறையுள்ள வண்டி நிற்கிறது எனக் கொள்க. அதன் நிறையில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு, அஃதாவது 175 கிலோகிராம் அளவான பாரம், அதனைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். ஐம்பது கிலோகிராம் அரிசி மூட்டைகள் மூன்றரை ஒரு கயிற்றில் இரவு பகலாகத் தொங்குவதற்கு இஃது ஒப்பாகும். கைத்தடையை இழுக்காது தரிப்பு நிலையை மட்டும் நம்பினால், அப்பாரம் முழுவதும் கியர்ப் பெட்டியின் பற்சில்லுகள் வழியே அச்சிறு நாவைச் சென்று சேரும். மறுநாட் காலை கோலை அசைக்கும்பொழுது 'மடக்' என எழும் ஓசை, பாரத்தினின்றும் அந்நா பிடுங்கப்படும் ஓசையே.

இன்னும் ஒரு நுட்பம் உளது. நா பள்ளத்தில் விழாது ஒரு பல்லின் தலைமேல் அமர்ந்துவிடுதலும் உண்டு. அப்பொழுது ஒரு வில் அதனை அழுத்திக்கொண்டிருக்கும். வண்டி சிறிது உருண்டதும் அடுத்த பள்ளத்தில் நா விழும். வேகம் மிகுந்திருந்தாலோ, நா பள்ளத்துள் இறங்க இயலாது பற்களின்மேற் கடகடவெனத் தத்திச் செல்லும். ஆதலின், உருளத் தொடங்கி வேகங்கொண்ட வண்டியைத் தரிப்பு நிலையால் நிறுத்த இயலாது. பின்னர் வரும் செய்தியை விளங்கிக்கொள்ள இதனை நினைவில் வைத்தல் வேண்டும்.

கை அறிந்ததும் கை இழந்ததும்

பழைய தானியங்கி வண்டியில் கோல் நின்ற இடமே கியர் நின்ற இடத்தைக் காட்டும். கோலை முழுவதும் முன்னே தள்ளினால் தரிப்பு நிலை. கீழே இழுத்தால் டி. இரண்டிற்கும் இடையே ஒரு சாண் தூரம் இருக்கும். ஒவ்வொரு நிலையிலும் 'கடக்' என்று கைக்குத் தெரியும். கண் பாராவிடினும் கை அறியும். இருளிலும் அவசரத்திலும் இவ்வறிவு நம்மைக் காத்தது.

அதனோடு வேறிரண்டு அறிகுறிகளும் இருந்தன. ஒன்று சாவி. கோல் தரிப்பு நிலைக்கு வந்தாலன்றிச் சாவியைக் கழற்ற இயலாதபடி பல வண்டிகளில் பூட்டு அமைக்கப்பட்டிருந்தது. சாவி கையில் இருந்தால் வண்டி பூட்டப்பட்டது என்று பொருள். மற்றையது எஞ்சினின் ஓசை. ஓடும் எஞ்சினை விட்டு எவரும் அறியாமல் இறங்கார்.

மின்னணு யுகம் இம்மூன்றனையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. கியர்க் கோலுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே இருந்த கம்பியும் நெம்பும் மறைந்தன. மின்கம்பி வழியே கட்டளை செல்லலாயிற்று. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த பீ.எம்.டபிள்யூ ஏழாம் வரிசை வண்டியிலும், 2003ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாந் தலைமுறை டொயோட்டா பிரியஸ் வண்டியிலும் இத்தகைய கோல்கள் இடம்பெற்றன. இக்கோலைத் தள்ளினால் கட்டளை செல்லும். கையை எடுத்ததும் கோல் நடுவிடத்துக்கு மீளும். ஆதலின், வண்டி எந்நிலையில் இருப்பினும் கோல் ஒரே இடத்தில் நிற்கும். அது கைக்கு யாதொன்றும் சொல்லாது. தரிப்பு நிலையோ பெரும்பாலும் தனியானதொரு பொத்தானாயிற்று. சாவியும் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது, கழற்றுவதற்கு ஒன்றுமில்லை. கலப்பு வண்டியிலும் மின்வண்டியிலும் ஓசையும் ஒழிந்தது. முன்செல்லும் நிலையில், எந்தக் கணமும் புறப்படத் தயாராக உள்ள வண்டி, உறங்கும் வண்டி போன்று மௌனமாக நிற்கும்.

இவையெல்லாம் குறைகள் என்று கூறுவது எம் கருத்தன்று. கோல் சிறிதானமையால் வண்டியுள் இடம் பெருகிற்று. பிழையான கட்டளையை மறுக்கும் ஆற்றல் வண்டிக்கு வந்தது. விரைந்து ஓடும்பொழுது எவரேனும் ஆர் நிலையை இட்டால் மின்னணு அதனை ஏற்பதில்லை. ஆயினும், மூன்று அறிகுறிகளையும் ஒருங்கே இழந்த சாரதி, "வண்டி பூட்டப்பட்டதா?" என்னும் வினாவுக்கு விடை காண, கருவிப் பலகையில் ஒளிரும் ஓரெழுத்தைக் கண்ணாற் பார்த்தேயாக வேண்டும் என்னும் நிலை உண்டாயிற்று. பார்க்க மறந்தால்?

அமெரிக்காவில் நிகழ்ந்தது

இவ்வினாவுக்கு விடை மிகுந்த விலை கொடுத்துப் பெறப்பட்டது. ஃபியற் கிறைஸ்லர் நிறுவனம் 2012 முதல் 2014 வரையான டொட்ஜ் சார்ஜர், கிறைஸ்லர் 300 ஆகிய வண்டிகளிலும், 2014, 2015ஆம் ஆண்டுகளின் ஜீப் கிராண்ட் செரோக்கி வண்டியிலும் நடுவிடத்துக்கு மீளும் மின்னணுக் கோலை அமைத்திருந்தது. அக்கோல் பார்வைக்குப் பழைய கோலைப் போன்றே இருந்தது. பழைய கோலிற் பழகிய கை அதனை முன்னே தள்ளிற்று. தரிப்பு நிலை வந்துவிட்டது என்று நம்பிற்று. உண்மையில் வண்டி ஆர் நிலையிலோ நடுநிலையிலோ நின்றது. சாரதி இறங்கினார், வண்டி உருண்டது.

கதவு திறந்தவுடன் எச்சரிக்கும் மணி அவ்வண்டிகளில் இல்லாமற் போகவில்லை. மணி ஒலித்தது; பலகையில் எழுத்தும் தோன்றிற்று. ஆயினும் நாள்தோறும் பலவித மணிகளைக் கேட்டுப் பழகிய செவி அதனைப் பொருட்படுத்தவில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் 2015ஆம் ஆண்டில் விசாரணை தொடங்கிற்று. அக்கோல் சாரதிக்குத் தன் நிலையைக் கைக்கும் கண்ணுக்கும் போதியவாறு உணர்த்தவில்லை என அது கண்டது. 2016 ஏப்பிரலில், உலகெங்கும் ஏறத்தாழ 11 இலட்சம் வண்டிகளைத் திருத்தத்துக்கு அழைப்பதாக நிறுவனம் அறிவித்தது. 41 பேர் காயமுற்றமை அந்நேரத்தில் அறியப்பட்டிருந்தது.

அவ்வறிவிப்பு வந்து இரண்டு திங்கள் நிறையுமுன்னரே, 2016 யூன் 19ஆம் நாள், அன்ரன் யெல்ச்சின் என்னும் இளந் திரைப்பட நடிகர் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள தம் வீட்டு வாயிலில் இறந்தார். அவருடைய ஜீப் வண்டி செங்குத்தான வாயிற் பாதையில் உருண்டு வந்து, செங்கற்றூணுக்கும் வேலிக்கும் இடையே அவரை நெரித்தது. அவருக்கு வயது 27. அவ்வண்டி திருத்தத்துக்கு அழைக்கப்பட்ட வகையினது. அவர் வீடு குன்றின்மேல் அமைந்தது என்பதை மலைநாட்டு வாசகர் குறித்துக்கொள்க. சமதரையில் நாணத்தக்க மறதியாய் முடிந்திருக்கக்கூடிய ஒன்று, சரிவில் உயிரைக் கவர்ந்தது.

இதற்கு முன்னும் இதனையொத்த செய்தியொன்று உண்டு. 1970களில் போட் நிறுவனத்தின் தானியங்கி வண்டிகள் தரிப்பு நிலையினின்றும் ஆர் நிலைக்கு நழுவுகின்றன என முறைப்பாடுகள் குவிந்தன. கோல் தரிப்பு நிலைக்கும் ஆர் நிலைக்கும் இடையிற் சரியாக விழாது நின்றுவிடுதலே முறைப்பாடுகளின் பொருள். 1980ஆம் ஆண்டு இறுதியில் அரசுக்கும் நிறுவனத்துக்கும் ஏற்பட்ட உடன்பாடு யாது தெரியுமா? ஏறத்தாழ 2 கோடி 30 இலட்சம் வண்டிகளின் சொந்தக்காரருக்கு, வண்டியினுள் ஒட்டிவைக்கும் எச்சரிக்கைத் தாள் ஒவ்வொன்று தபாலில் அனுப்புதல்! தரிப்பு நிலையைச் சரிபார்க்குமாறும், கைத்தடையை இழுக்குமாறும், எஞ்சினை நிறுத்துமாறும் அத்தாள் கூறிற்று. கூறியவை யாவும் நல்ல அறிவுரைகளே. ஆனால் தாள் வண்டியை நிறுத்துமா?

2016இல் வந்த திருத்தம் அவ்வாறானதன்று. அது வண்டியின் மின்னணு மூளைக்குப் புதியதொரு கட்டளையைக் கற்பித்தது. சாரதி மறந்தால் வண்டியே தரிப்பு நிலைக்குச் செல்க என்பது அக்கட்டளை. மனிதனுக்கு அறிவுரை கூறுவதினின்றும், மனிதன் தவறுவான் என்பதை ஏற்று அதற்கு முட்டுக்கொடுப்பதற்கு, 36 ஆண்டுகளிற் பொறியியல் நடந்து வந்த தூரம் இது.

வண்டி ஐயுறும் விதம்

சாரதி இறங்கப்போகிறார் என்பதை வண்டி எவ்வாறு அறியும்? அதற்குக் கண்ணில்லை, ஆனால் சிறு சிறு உணர்கருவிகள் பல உண்டு. கதவு திறந்ததா, ஆசனப்பட்டி கழற்றப்பட்டதா, ஆசனத்தில் ஆள் உளரா, கால் தடையை மிதித்திருக்கிறதா, சில்லு திரும்புகிறதா என்பனவற்றை அவை இடையறாது கூறிக்கொண்டிருக்கும். இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. ஒடுங்கிய தோட்டப் பாதையில் பின்னோக்கிச் செல்லும்பொழுது கதவைச் சிறிது திறந்து ஓரத்தைப் பார்ப்பது நம்மவர் வழக்கம். கதவு திறந்ததும் வண்டி தன்னைப் பூட்டிக்கொள்ளுமாயின் அச்சாரதியின் நிலை யாதாகும்?

ஆகவே பொறியியலாளர் பல அறிகுறிகளைச் சேர்த்துப் பார்க்குமாறு வண்டிக்குக் கற்பித்தனர். மேற்கூறிய கிறைஸ்லர் ஏற்பாட்டில், எஞ்சின் ஓடுகையில், சாரதியின் கதவு திறந்திருத்தல் வேண்டும். ஆசனப்பட்டி கழற்றப்பட்டிருத்தல் வேண்டும். கால் தடையில் இருத்தலாகாது. வேகம் மணிக்கு 2 கிலோமீற்றரளவுக்கு மேற்படலாகாது. யாவும் ஒருங்கே பொருந்தினால் வண்டி தரிப்பு நிலையை ஏற்கும். டெஸ்லா மின்வண்டியில், கதவு திறத்தல், பட்டி கழற்றல், ஆசனம் வெறுமையாதல் என்னும் மூன்றனுள் எவையேனும் இரண்டு ஒருங்கே நிகழ்ந்து, வேகம் அவ்வாறே குறைந்திருந்தால் போதும். வேகத்துக்கு எல்லை வகுத்தது ஏன் என்பது இப்பொழுது விளங்கும்: நா பற்களிடையே விழத்தக்க வேகம் அதுவே.

ஆற்றலை நிறுத்தும் பொத்தானோடு இணைந்த ஏற்பாடு இதனினும் எளியது. நின்ற வண்டியில் சாரதி தரிப்பு நிலையை மறந்து பொத்தானை அழுத்தினால், வண்டி முதலில் தன்னைப் பூட்டிக்கொண்டு பின்னர் அணையும். பிரியஸ் முதலிய பல வண்டிகளில் இவ்வசதி உண்டு. ஆனால் பொத்தானையே அழுத்த மறந்து இறங்குபவரை இது காவாது. அவரைக் காப்பது கதவையும் பட்டியையும் நோக்கும் முன்னைய ஏற்பாடே. பழைய மின்னணு வண்டிகள் பலவற்றில் அம்முன்னைய ஏற்பாடு இல்லை; அவை மணியை மட்டுமே ஒலிக்கும்.

இவ்வேற்பாட்டை நாமே ஏமாற்றிவிடுதலும் கூடும். பட்டி அணியாதவழி எழும் மணி தொல்லையென்று, பட்டியை முதுகுக்குப் பின்னே பூட்டி அதன்மேற் சாய்ந்திருப்போரை நாம் காண்கிறோம். பட்டி பூட்டியிருப்பதால், சாரதி இறங்கிய பின்னரும் அவர் உள்ளேயே இருப்பதாக வண்டி எண்ணக்கூடும். அப்பட்டி விபத்தில் மார்பைக் காப்பது என்பதை மட்டுமே அறிவோம். இவ்வண்டிகளில் அது சாரதியின் வருகையையும் செலவையும் வண்டிக்கு அறிவிக்கும் தூதுவனுமாகும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. புதிய வண்டிகள் சிலவற்றில், காலை எடுத்த பின்னரும் தடையைப் பற்றி வைத்திருக்கும் பொத்தானொன்று உளது. நகரத்து விளக்குகளில் நின்று நின்று செல்லற்கு அது உதவும். அது தரிப்பு நிலையும் அன்று, கைத்தடையும் அன்று, சிறுபொழுதுக்குரிய பிடிப்பே. அதனை நம்பி ஏற்றத்தில் இறங்குதல் தகாது.

நம் நாட்டுக்கு வந்த வண்டிகள்

இலங்கையின் தெருக்களில் இக்கோல்கள் முதலிற் பரவியது யப்பானிற் பயன்படுத்தப்பட்டு இங்குக் கொணரப்பட்ட வண்டிகள் வாயிலாகவே. டொயோட்டா பிரியஸ், ஹொண்டா வெசல், நிசான் லீஃப் முதலியன இன்று கேகாலையிலும் இரத்தினபுரியிலும் புதுமையல்ல. 2020ஆம் ஆண்டில் விதிக்கப்பட்ட இறக்குமதித் தடை 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தளர்ந்தபின், பீ.வை.டி முதலிய சீன மின்வண்டிகளும் அவற்றோடு சேர்ந்தன. கொழும்பின் சமதரையிற் பழகிய இவ்வண்டிகள் விடுமுறையிலும் திருவிழாவிலும் மலைக்கு வருகின்றன. கரவனெல்லையிலிருந்து யட்டியாந்தோட்டை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹற்றனுக்கு ஏறும் பாதையில் தேநீர்க் கடையோரம் நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் இது விளங்கும்.

இங்கே தமிழாசிரியன் ஒருவன் கவலைகொள்ளற்குரிய செய்தியும் ஒன்று உண்டு. யப்பானின் உள்நாட்டுக்கெனச் செய்யப்பட்ட வண்டி யப்பானிய மொழியிற் பேசும். அதன் கையேடும் யப்பானிய மொழியிலேயே இருக்கும். பலகையில் தோன்றும் எச்சரிக்கையும் பெரும்பாலும் அம்மொழியிலேயே தோன்றும். "வண்டி தரிப்பு நிலையில் இல்லை" என்னும் செய்தி நம் சாரதிக்கு அழகிய கோடுகளின் கூட்டமாகத் தோன்றி மறையும். எஞ்சியிருப்பது மணியோசை ஒன்றே. அதன் பொருளும் ஒருவர் சொல்லித் தந்தாலன்றி விளங்காது. உயிரைக் காக்கும் சொல் தாய்மொழியில் அமைதல் வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. அத்தகைய வண்டியை வாங்குவோர், விற்பவரிடமோ பழுது பார்ப்பவரிடமோ ஒவ்வொரு மணிக்கும் பொருள் கேட்டறிந்து, தமிழில் ஒரு தாளில் எழுதி வண்டியில் வைத்தல் நன்று. வீட்டிலுள்ள யாவரும் அதனைப் படித்தல் வேண்டும். வண்டியைச் செலுத்துபவர் ஒருவரேயல்லர்.

மின்னணுப் பூட்டு மின்சாரத்தை வேண்டுவது என்பதையும் மறத்தலாகாது. பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரி முற்றாக ஓய்ந்த வண்டியில் தரிப்பு நிலையை நீக்கவும் இயலாது. சில வகைகளில் அந்நிலைக்குக் கொண்டுவரவும் இயலாது. மின்சாரம் அற்றால் வில்லின் விசையாலேயே நா விழுமாறு அமைந்த வகைகளும் உள. மோட்டார் ஒன்று அசைத்தாலன்றி நா அசையாத வகைகளும் உள. நம்முடையது எவ்வகையினது என்பதைக் கேட்டறிதல் அறிவுடைமை. பற்றரி ஓய்ந்த வண்டியை ஏற்றத்திற் கண்டால், முதலிற் செய்ய வேண்டுவது சில்லுக்குக் கட்டை வைத்தலே.

ஏற்றத்தில் இறங்கும் முறை

மேற்கூறியவற்றினின்றும் நமக்கு வேண்டிய ஒழுங்கு தானே பிறக்கின்றது. காலால் தடையை மிதித்து வண்டியை முற்றாக நிறுத்துக. பின்னர்க் கைத்தடையை இழுக்க; மின்சாரக் கைத்தடையாயின் அதன் விளக்கு எரிவதைக் காண்க. காலைச் சிறிது தளர்த்தி, பாரம் கைத்தடையின்மேல் அமரவிடுக. அதன் பின்னரே தரிப்பு நிலையை இடுக. இவ்வொழுங்கில் பாரத்தைத் தடை தாங்கும். இரும்பு நா காவலாக மட்டும் நிற்கும். பலகையில் ஒளிரும் எழுத்தைக் கண்ணாற் பார்த்து, ஆற்றலை நிறுத்தி, ஈற்றிலேயே பட்டியைக் கழற்றுக. கதவைத் திறப்பது யாவற்றிற்கும் பிற்பட்ட செயலாக இருக்கட்டும்.

முன்சில்லுகளைத் திருப்பி வைத்தலும் வேண்டும். நம் பாதைகளில் ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் பள்ளமுமாக இருத்தல் இயல்பு. வண்டி மேல்நோக்கி நின்றாலும் கீழ்நோக்கி நின்றாலும் முன்சில்லுகளை மண்மேட்டின் பக்கம் திருப்பினால், தப்பித்தவறி உருளினும் அது மண்மேட்டிற் சென்று முட்டி நிற்கும், பள்ளத்தை நாடாது.

சில்லு மாற்றும்பொழுது தரிப்பு நிலையை நம்புதல் பெரும்பிழையாகும். முன்சில்லுகளால் இழுக்கப்படும் வண்டியில் இரும்பு நா அவ்விரண்டனையும் தனித்தனியே பூட்டுவதில்லை. இரண்டிற்கும் பொதுவான தண்டையே பூட்டுகிறது. அவற்றுள் ஒன்றை நிலத்தினின்றும் உயர்த்தினால், உயர்ந்த சில்லு ஒரு பக்கம் சுழல, நிலத்திலுள்ளது மறுபக்கம் உருளலாம். ஆதலின் சமநிலம் தேடிச் சென்று, கைத்தடை இழுத்து, உயர்த்தாத சில்லுகளுக்குக் கட்டை வைத்த பின்னரே வேலையைத் தொடங்குக.

இறுதியாக மாணவர்க்கு ஒன்று கூறுவோம். ஆளின்றி உருளும் வண்டியை முன்னே நின்று மறிக்கவோ, ஓடிச்சென்று உள்ளே தாவவோ ஒருபொழுதும் முயலற்க. மேலே கண்ட கணக்கின்படி மூன்றரை மூட்டையளவான இழுவை அதனை ஒவ்வொரு கணமும் விரைவுபடுத்திக்கொண்டிருக்கும். அதன் பாதையினின்றும் விலகி, கீழே உள்ளவர்களைக் கூவி விலக்குதலே செய்யத்தக்கது. வண்டியை மீண்டும் வாங்கலாம்.

பொச்சாவாமை

திருவள்ளுவர் மறதிக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். பொச்சாவாமை என்பது அதன் பெயர், நூலில் 54ஆவது. மகிழ்ச்சி மிகுதியால் மனம் சோர்ந்து, செய்ய வேண்டுவதை மறத்தல் அளவு கடந்த சினத்தினும் தீது என்பது அங்கே கூறப்படும் கருத்து. அவர் அதனை அரசியலில் வைத்தார். அரசனுக்குப் பொருந்திய அது சாரதிக்கும் பொருந்தும். ஊருக்கு வந்த களிப்பு, உறவினரைக் கண்ட உவகை, திருவிழாவின் ஆரவாரம் ஆகிய இவையே நம் கையினின்றும் கைத்தடையைப் பறிப்பன. துயரத்தில் இருப்பவர் மெல்ல இறங்குவர். மகிழ்ச்சியில் இருப்பவரே கதவைத் திறந்து ஓடுவர்.

மனிதன் மறப்பான் என்பதை உணர்ந்து, அவன் மறந்த இடத்தில் தான் நின்று காக்கும் இயந்திரத்தைச் செய்தமை பாராட்டுதற்குரியது. அதனை நாம் வரவேற்போம். வண்டி வாங்கும்பொழுது அவ்வேற்பாடு உளதா என்று கேட்போம். ஆயினும் அது தனக்குக் கூறப்பட்ட அறிகுறிகள் பொருந்தினாலன்றி அசையாது என்பதையும் அறிந்திருப்போம். கைத்தடையும், தரிப்பு நிலையும், திருப்பிய சில்லும் முதற்காவல். வண்டி தானே பூட்டிக்கொள்ளுதல் அவற்றின் பின் நிற்கும் கடைக்காவல்.

மலைநாட்டுப் பாடசாலைகள் பலவற்றில் வண்டி நிற்கும் இடம் மேலும் பிள்ளைகள் விளையாடும் இடம் கீழுமாக அமைந்துள்ளன. யூபிலி விழாக் காலங்களில் பழைய மாணவரின் வண்டிகள் அம்மேட்டில் வரிசையாக நிற்கும். அங்கே இறங்கும் ஒவ்வொருவரும், கதவைத் திறக்குமுன் ஒருகணம் பலகையை நோக்கி, கைத்தடையைத் தொட்டுப் பார்ப்பாராக. கீழே ஓடியாடும் சிறுவர்க்கு அவர் செய்யும் தொண்டு அதுவே.